நாலரை மணி வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை, காலை 9.50. திருப்பதி ரயில் நிலையத்தில் இறங்கும்போது என்னிடம் இருந்தவை இரண்டு கேமரா, நான்கு லென்ஸ், ஒரு டிரைபாட், ஓர் அட்டவணை. எனக்குச் சோறு போடுவது கடைசியில் சொன்னதுதான். பதினெட்டு வருடமாக ஆட்களைப் படம் எடுக்க ஊர் ஊராகக் கூட்டிப்போகிறேன். ஐஸ்லாந்து, நமீபியா, மங்கோலியா, வியட்நாம் என்று பட்டியல் நீளும். எட்டுப் பேர் கொண்ட குழு, பத்து நாள், தலைக்கு ஒரு கேமராவாவது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது உலகம் சுற்றும் வேலை. உள்ளே இருப்பவனுக்கு இது ரயில்வே கால அட்டவணை போடும் வேலை.

எந்த ஊருக்கும் குழுவைக் கூட்டிப்போவதற்கு முன் ஒரு முறை தனியாகப் போய்ப் பார்த்துவிடுவேன். சூரியன் எந்த மலைக்குப் பின்னால் மறைகிறது, எத்தனை மணிக்குச் சந்தை கூடுகிறது, கார் எங்கே நிற்கும், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று எல்லாம் குறித்துக்கொள்வேன். பணம் கட்டி வருகிறவர்களுக்கு முதலில் வேண்டியது கழிப்பறை, அடுத்தது காபி, அப்புறம்தான் வெளிச்சம். இதை எந்த விளம்பரத்திலும் நான் எழுதியதில்லை.

சென்னையிலேயே இருந்துகொண்டு நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் திருப்பதிப் பக்கத்தை இத்தனை வருடம் எட்டிப் பார்க்கவில்லை என்பது கொஞ்சம் வெட்கக்கேடுதான். அடுத்த ஜூனில் ஒரு குழு "இந்தியாவில், கூட்டம் தெரியாத இடமாக" வேண்டும் என்று கேட்டிருந்தது. திருப்பதியைப் போய்க் கூட்டம் இல்லாத இடம் என்று சொல்ல முடியாது. ஆனால் திருப்பதிக்கு வருகிற கூட்டம் மலை ஏறி இறங்கி ஊருக்குப் போய்விடுகிறது. சுற்றியுள்ள சித்தூர்ப் பக்கத்துக்கு யாரும் கேமராவோடு போவதில்லை. என் கணக்கு அதுதான்.

காரோட்டி முனிரத்தினம் நிலைய வாசலிலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தியவேடுக்காரர், வீட்டில் தமிழ், சவாரியில் தெலுங்கு. நாளுக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய், முந்நூறு கிலோமீட்டர் வரை, டீசல் அவர் பொறுப்பு என்று போனிலேயே பேசி முடித்திருந்தோம். என் பைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இத்தனையையும் வைத்துக்கொண்டு கல்யாணமா எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். மூன்று நாளில் அவர் கேட்ட கேள்விகளில் இதுதான் எனக்குப் பதில் தெரிந்த ஒன்று.

அன்று பகல் திருமலை. கோயிலுக்குள் கேமராவும் கிடையாது, போனும் கிடையாது. விடுதி நடத்துபவர் கோயில் கைங்கர்யக் குடும்பத்தைச் சேர்ந்த வைணவர். "எல்லாத்தையும் ரூம்லயே பூட்டி வச்சுட்டுப் போங்கோ, அங்க போய்க் கியூவுல நின்னு ஒப்படைச்சுண்டு இருக்காதேங்கோ" என்றார். அப்படியே செய்தேன். ஏழு மணி நேரம் கழித்துக் கால் வலியோடு திரும்பி வந்து, அட்டவணையில் அந்த அரை நாளுக்கு எதிரே "படம் இல்லை, லட்டு உண்டு" என்று எழுதினேன்.

புதன்கிழமை, அதிகாலை 4.30. திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாகப் பலமனேர். நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். சித்தூரைத் தாண்டியதும் சாலை மெல்ல மேலே ஏறுகிறது, காற்று மாறுகிறது. ஜூன் மாதத்தில் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு வர முடிந்த ஒரே இடம் இதுதான். ஆறே முக்காலுக்குச் சந்தைக்குள் இருந்தோம்.

பலமனேர் சந்தையில் தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. நடுவில் சந்து விட்டிருக்கிறார்கள். ஏலம் கேட்பவர் பெட்டிகளின் மேலேயே நடந்து போகிறார், ஒரு தக்காளி நசுங்குவதில்லை. காலைச் சூரியன் அந்தச் சந்துகளுக்கு நேராக வருகிறது. ஏழு மணி பத்து நிமிடத்திலிருந்து ஏழு நாற்பது வரை அரை மணி நேரம் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் படம். அதற்கப்புறம் வெயில் மேலே ஏறி எல்லாம் தட்டையாகிவிடுகிறது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். சந்தைக்காரர்கள் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. படம் எடுக்கிறவனுக்கு அதைவிட நல்ல வரவேற்பு இல்லை.

எட்டரைக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் டிபன். இட்லி, வடை, காபி, இருவருக்கும் சேர்த்து நூற்று நாற்பது ரூபாய். முனிரத்தினம் இலையைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"நாளைக்கி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு ரெண்டு மணி நேரம் எனக்கு வேணும் சார். வேற வண்டி ஏற்பாடு பண்ணித் தந்துட்றேன்."

என்ன விஷயம் என்று கேட்டேன். வெதுருகுப்பம் பக்கத்தில் அவருடைய மாமியார் ஊரில் பாரதத் திருவிழா நடக்கிறதாம். நாளைக்குத் தபசு. அவர் மனைவி அதில் படுக்கிறாராம்.

தபசு என்றால் என்னவென்று அவர்தான் சொன்னார். தர்மராஜா கோயில் திருவிழாவில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். அதில் ஒரு நாள், அர்ஜுனன் தவம் செய்யப் போவதை நடிப்பார்கள். ஊர் மைதானத்தில் நட்டிருக்கும் உயரமான மரத்தில், அர்ஜுன வேடக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே படி படியாக ஏறுவார். பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொண்ட பெண்கள் அன்று முழுவதும் பட்டினி இருந்து, குளித்து, ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். உச்சிக்குப் போனதும் அவர் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். தன்மேல் விழுந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை.

கல்யாணம் ஆகி எட்டு வருடம் என்றார். மனைவி சரளாவுக்குச் சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருடம் சென்னை ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் இந்த வருட லீவு முழுவதும் தீர்ந்துவிட்டது. அதனால் நாளைக்கும் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய், இரண்டு மணிக்கு முடித்துவிட்டு, பஸ் பிடித்து வருவார். சத்தியவேட்டிலிருந்து புத்தூர் அறுபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் ஒரு முப்பது. ஆறு மணிக்கு வந்து சேர்ந்துவிடலாம். ஆறு மணிக்குத்தான் மரம் ஏறுவார்கள், வருடா வருடம் அதுதான் நேரம்.

"பச்சத்தண்ணி பல்லுல படாம எட்டு மணி நேரம் மெஷின்ல நிக்கப் போறா. சொன்னா கேக்க மாட்றா. ஆஸ்பத்திரில பண்றதெல்லாம் பண்ணியாச்சி, இதையும் ஒரு தபா பாத்துடலாம்னு சொல்றா" என்றார்.

நான் காபியைக் கீழே வைத்தேன். நியாயமாக எனக்கு வந்திருக்க வேண்டியது அனுதாபம். வந்தது வேறு. இருபது முப்பது பெண்கள், ஈரமான மஞ்சள் புடவைகள், நடுவில் ஒற்றை மரம், அதன் உச்சியில் வில்லோடு ஒருவன். உலகத்தில் இத்தனை இடம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. வேறு வண்டி எதற்கு, நானும் அங்கேயே வருகிறேன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் சித்தூருக்கு வெளியே மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளின் முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. தோத்தாபுரி மாங்காய். ஒன்றரை கிலோமீட்டர் வரிசையை ஓரமாக நடந்து அளந்தேன். முந்தாநாள் வந்து இன்னும் வாசலைத் தொடாதவர்கள் டிராக்டருக்கு அடியில் துண்டு விரித்துத் தூங்கினார்கள். படத்துக்கு மத்தியான வெயில் ஒத்துவரவில்லை. "மாலை 5.30க்கு வரவும்" என்று குறித்துக்கொண்டு ஏறினேன்.

வியாழக்கிழமை, காலை 10.05. திருப்பதியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கரும்பும் நிலக்கடலையும் மாறி மாறி வந்து, ஒரு குளக்கரையில் ஊர் தொடங்குகிறது. முனிரத்தினம் காரைக் கோயில் பக்கம் நிழலில் விட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனார். நான் மைதானத்துக்குப் போனேன்.

தபசு மரம் அறுபது அடி இருக்கும். பனை மரத்தைச் சீவி நட்டு, குறுக்குக் கட்டைகளைப் படியாக அடித்து, உச்சியில் ஓர் ஆள் உட்காரப் பலகை வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டியிருந்தது. சுற்றிலும் முந்தின நாளே தண்ணீர் தெளித்து மெழுகிய தரை. மேற்கே, மைதானத்தை ஒட்டினாற்போல ஒரு குன்று.

அந்தக் குன்றுதான் பிரச்சினை. போனில் இருக்கும் சூரிய ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஐந்தே முக்காலுக்கு வெளிச்சம் மரத்தின் மேல் சாய்வாக விழும். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மைதானத்தின் மேல் குன்றின் நிழல் ஏறிவிடும். வேடக்காரர் ஆறுக்கு ஏறத் தொடங்கினால், உச்சிக்குப் போய்ப் பழம் வீசும்போது ஏழேகால். டியூப் லைட் வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். டியூப் லைட்டில் எடுத்த படத்தைக் காட்டி யாரையும் டிக்கெட் போட வைக்க முடியாது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஐஸ்லாந்தில் யாரும் சூரியனை அவசரப்படுத்த முடியாது, காத்துக் கிடக்கிறோம். மனிதர்கள் இருக்கும் இடத்தில் அப்படி இல்லை. ஆசியாவில் படகுக்காரர்கள் பிரபலமாக இருக்கிற ஏரிகளில், விடியற்காலையில் வலை வீசுகிறவர்களில் பாதிப் பேர் மீனுக்காக வீசுவதில்லை, எங்களுக்காக வீசுகிறார்கள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னொரு முறை, சூரியன் வரட்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அது பழகிவிட்டது. கேட்பதில் ஒரு தப்பும் தெரிவதில்லை.

பதினொரு மணிக்குக் கோயில் தர்மகர்த்தாவைப் பார்த்தேன். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வருகிற மனிதர். அடுத்த வருடம் வெளிநாட்டிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவரும் யோசனை இருக்கிறது என்று சொல்லி, ஐஸ்லாந்துப் படங்கள் சிலவற்றைப் போனில் காட்டினேன். பிறகு, மரம் ஏறுவதை ஒன்றரை மணி நேரம் முன்னால், நாலரைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். சாஸ்திரத்தில் மணி ஒன்றும் இல்லை என்றார். முன்பெல்லாம் வெயில் தாழட்டும் என்றுதான் ஆறு மணி வைத்தார்கள். "பர்வாலேது சார், ஒரு நாள்தானே. ஆனா அர்ஜுனுடுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன். ராத்திரி பூரா கூத்து கட்டிட்டுத் தூங்கறாரு, ரெண்டரைக்குத்தான் எழுந்துக்குவாரு" என்றார்.

நான் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்தேன். ஒரு மணிக்கு முனிரத்தினம் மாமியார் வீட்டிலிருந்து எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். சரளா இந்நேரம் மெஷினில் நிற்பாள், போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், இரண்டு மணிக்குத்தான் பேச முடியும் என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முந்தின நாள் அத்தனையும் காதால் கேட்டவன் நான். ஷிப்ட் முடியும் நேரம், பஸ் நேரம், வந்து சேரும் நேரம் என்று எல்லாம் தெரியும். நேரம் பார்ப்பதே என் பிழைப்பு. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது சூரியனின் நேரத்தை மட்டும்தான்.

பிற்பகல் 3.05. ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் தெலுங்கில், பிறகு தமிழில், இந்த வருடம் தபசு நாலரை மணிக்கே தொடங்கும், படுக்கிறவர்கள் சீக்கிரம் குளித்துவிட்டு வரவும் என்று அறிவித்தார்கள். யாருக்காக என்று சொல்லவில்லை.

முனிரத்தினம் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"டைம மாத்திட்டாங்க சார். அவ சத்தியவேட்ல இப்பத்தான் பஸ் ஏறிக்கினு கீறா. வண்டிய எடுத்துக்கினு போய் எதுர்ல கூட்டினு வந்துடட்டா?"

அப்போதுதான் இரண்டு நேரமும் ஒன்றோடொன்று முட்டுவது தெரிந்தது. உடனே போங்கள் என்றேன். நல்லா இருப்பீங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாழ்த்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கவில்லை.

கார் புழுதி கிளப்பிப் போனதும் கணக்குப் போட்டேன். இங்கிருந்து புத்தூர் ஒரு மணி நேரம். பிச்சாட்டூர் பக்கம் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். அப்படியே திரும்பினால் ஐந்தே முக்காலுக்கு இங்கே இருக்கலாம். உச்சிக்குப் போகவும் ஐந்தே முக்கால். இடிக்கும், ஆனால் நடக்காதது இல்லை. இப்படிச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மாலை 4.25. குளத்திலிருந்து பெண்கள் ஈரத்தோடு வந்தார்கள். இருபத்திரண்டு பேர் எண்ணினேன். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி, கைகளைத் தலைக்கு முன்னால் நீட்டிக் குப்புறப் படுத்தார்கள். சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று முகத்துக்கு விசிறினார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஈரப் புடவைகள் படுத்த கொஞ்ச நேரத்திலேயே காயத் தொடங்க, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து முதுகில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆறு மணிக்கு ஏன் வைத்திருந்தார்கள் என்பது அங்கே நின்ற யாருக்கும் புரிந்திருக்கும். ஒரு கிழவர் தர்மகர்த்தாவைப் பார்த்து முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

அர்ஜுன வேடக்காரர் கிரீடமும் வில்லுமாக வந்து மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். தர்மகர்த்தா எனக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தார். வேடக்காரர் முதல் படியில் கால் வைக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயா, இன்னும் ஒரு பெண் வர வேண்டியிருக்கிறது, பழையபடி ஆறுக்கே வையுங்கள் என்றால், அந்த மனிதர் வைத்திருப்பார். என் வார்த்தைக்காக முன்னால் தள்ளியவர், என் வார்த்தைக்காகப் பின்னாலும் தள்ளியிருப்பார். நான் சொல்லவில்லை. வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மேற்கில் மட்டும் கொஞ்சம் மேகம், அது எந்த நேரமும் சூரியனை மறைக்கலாம். இந்த வெளிச்சம் போனால் இன்னொரு வருடம். அப்படித்தான் நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் ஏறினார். ஒரு படிக்கு ஒரு பாட்டு, தெலுங்கில். சிவனை நோக்கிப் பாடி, நின்று, மறுபடியும் ஏறுவார். மரம் சூடாக இருந்திருக்க வேண்டும், பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தார். பாட்டுக்கு நடுவே கீழே யாராவது அழும் சத்தம் கேட்டது. நான் மைதானத்தின் கிழக்கு மூலையில், ஒரு டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்றிருந்தேன்.

5.30க்கு என் போன் அதிர்ந்தது. முனிரத்தினம். வேடக்காரர் உச்சிப் பலகையை எட்டிக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. 5.38க்கு மறுபடியும் அதிர்ந்தது.

5.44. அவர் பலகையில் நின்று கைகளைத் தூக்கினார். கணக்குப் போட்ட இடத்தில், கணக்குப் போட்ட நிமிடத்தில், சூரியன் குன்றுக்கு ஒரு சாண் மேலே. கீழே புடவைகளின் மஞ்சளும், மேலே கிரீடத்தின் ஜரிகையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. எலுமிச்சம்பழங்கள் காற்றில் இருக்கும்போதே எடுத்தேன். மொத்தம் நாற்பது விநாடி. படம் கிடைத்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்தது. பெண்களில் ஒருத்தி வலது கைப்பக்கம் ஓர் ஆள் படுக்கும் இடத்தைக் கூடையால் மறித்துப் பிடித்து வைத்திருந்தாள். அது சரளாவின் அண்ணி என்று பிறகு சொன்னார்கள். அந்தக் கூடையின் மேலும் ஒரு பழம் விழுந்து உருண்டது.

மாலை 6.20. கார் வந்தது. புத்தூருக்கு வெளியே ஒரு மாங்காய் மண்டி முன்னால் டிராக்டர்கள் சாலையை அடைத்திருந்தன, அதைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார். சரளா பின் கதவைத் திறந்து இறங்கினார். மஞ்சள் புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, தலை ஈரமாக இருந்தது. குளத்தில் குளிக்க நேரம் இருக்காது என்று பிச்சாட்டூரிலேயே வழியில் ஒரு குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஒன்றேமுக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்து வந்திருக்கிறார்.

மைதானத்தில் பெண்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அர்ஜுன வேடக்காரர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்தார். முனிரத்தினம் அவர் காலருகே குனிந்து ஏதோ கேட்டார். அந்த மனிதருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"மரத்துல இருக்கிற வரைக்கும்தான்பா நான் அவரு. எறங்கிட்டா சும்மா ஆளு. சும்மா ஆளு ஏறிப் பழம் போட்டா அதுக்கு இன்னா அர்த்தம்?" என்றார்.

அண்ணி தன் மேல் விழுந்த பழத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து நீட்டினார். சரளா அவர் கையை மூடி, அது அண்ணியின் பழம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு தனியாக மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி, கூடை இருந்த இடத்தில் படுத்தார். மேலே யாரும் இல்லை. யாரும் பாடவில்லை. சுண்டல் விற்பவர் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு தள்ளுவண்டியைத் தள்ளிப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் குன்றுக்கு மேலிருந்த மேகம் அடிப்பக்கம் சிவந்து, மைதானம் முழுவதும் ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் பரவியது. ஆப்பில் இல்லாத வெளிச்சம். ஆளில்லாத மரம், அதன் கீழே ஒற்றைப் பெண். என் கை தானாகவே கேமராவைத் தூக்கிவிட்டது. முனிரத்தினம் திரும்பி என்னைப் பார்த்தார். இறக்கிவிட்டேன். அவர் பார்க்காமலிருந்தால் இறக்கியிருப்பேனா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

கிளம்பும்போது தர்மகர்த்தா கார் வரைக்கும் வந்தார். திருப்தியா சார் என்று கேட்டார். அடுத்த வருடமும் நாலரைதான், நோட்டீஸிலேயே அப்படி அச்சடித்துவிடுகிறோம், நீங்கள் தைரியமாக ஆட்களைக் கூட்டிவரலாம் என்றார். முனிரத்தினம் சாவியைப் போட்டபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சரளா பின் இருக்கையில் இருந்தார். நான் சொல்ல வேண்டியதில் பாதியைத் தர்மகர்த்தாவே சொல்லிவிட்டார்.

இரவு 7.10. கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூர். அங்கே என்னை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு அவர்கள் சத்தியவேடு போக வேண்டும். விடிந்தால் சரளாவுக்கு ஆறு மணி ஷிப்ட். நான்கைந்து கிலோமீட்டர் போனோம். பிறகு நான் சொன்னேன். நேரத்தை மாற்றக் கேட்டது நான்தான், காலை பதினொரு மணிக்கே கேட்டேன், மத்தியானம் சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம், மரம் ஏறுவதற்கு முன்னாலும் நிறுத்தியிருக்கலாம், செய்யவில்லை, தப்பு என்னுடையது. ஒன்றுவிடாமல் சொன்னேன்.

முனிரத்தினம் கியரை மாற்றினார். வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "போன எடுத்திருந்தீங்கன்னா, அந்தாள ரெண்டு பாட்டு சேத்துப் பாடச் சொல்லியிருக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிள்ளை வரம் மரத்தின் மேலிருந்து விழுகிறதா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அந்த நினைப்பு அந்தக் காரில் எனக்கு ஒரு பைசாவுக்கு உதவவில்லை. பதினெட்டு வருடத்தில் எத்தனை ஊரில் எத்தனை பேரை இன்னும் ஒரு முறை, இன்னும் கொஞ்சம் முன்னால் என்று கேட்டிருக்கிறேன். அங்கெல்லாம் யார் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்கும் முன்பே அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். இங்கே கார் ஒன்றே ஒன்று என்பதால் கூடவே உட்கார்ந்து வர வேண்டியதாயிற்று.

8.15, புத்தூர் நிலையம். பைகளை இறக்கி வைத்தார். பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கமாட்டேன் என்றார். நான் பின் கண்ணாடியருகே போய், அடுத்த வருடம் குழுவை இங்கே கூட்டிவர மாட்டேன், தர்மகர்த்தாவிடமும் பழைய நேரத்துக்கே மாற்றச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சரளா புடவை இன்னும் சரியாகக் காயாமல், காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டார். பஸ் நேரம் விசாரிக்கிற குரலில்தான் பேசினார். அந்தக் குரலில் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

"நீங்க வரலன்னாலும் வேற யார்னா வருவாங்க சார். எத்தினி மணிக்கு ஏறச் சொல்லப் போறீங்கன்னு ஒரு மாசம் முன்னாடியே இவருகிட்ட சொல்லிடுங்க. நான் லீவு எடுத்து வச்சிக்கறேன்."